நகரவெளியைப் படிக்கப் புறப்படும் லேண்ட்ஸ்கேப் மாணவர்களுக்கு: குமரி மாவட்டத்தில் ஆறு வாரக் கள ஆய்வு

பூங்கா, தெரு, கரை போன்ற திறந்தவெளிகளை வடிவமைக்கக் கற்றுத்தரும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் முதுகலைப் படிப்பின் இரண்டாம் பருவத்தில், நகரத்தின் பொதுவெளிகளிலிருந்து வடிவமைப்புக்கான கருவை எடுத்துவரும் பணி எங்களுக்குத் தரப்பட்டது. சொந்த ஊர்ப்பக்கம்தானே என்ற தைரியத்தில் நான் நாகர்கோவிலைத் தேர்ந்தெடுத்தேன். ஆறு வாரத்தில் முடிய வேண்டிய வேலை பத்து வாரம் இழுத்தது. முதல் ஜூரியில், அதாவது ஆசிரியர்கள் எங்கள் வேலையைப் பார்த்துக் கேள்வி கேட்டு மதிப்பிடும் அமர்வில், முந்நூறு புகைப்படங்களோடும் நான்கு ஏ1 தாள்களோடும் போய் நின்றேன். மே மாத நடுப்பகலுக்கென்று நான் வரைந்திருந்த இருக்கைகள் அத்தனையும் மரங்களுக்கு வடக்கே இருந்தன. "உங்கள் ஊரில் மே மாதம் உச்சிவேளையில் நிழல் எந்தப் பக்கம் விழும்?" என்று ஆசிரியர் கேட்டார். பிறந்து வளர்ந்த ஊரின் நிழல் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதன் பிறகு வேலையை முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டாவது முறை எதை எந்த வரிசையில் செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் கல்லூரி எந்த ஊரில் இருந்தாலும், ஆய்வுக்குக் குமரி மாவட்டத்துக்கு வருகிறீர்கள் என்றால் இதை அப்படியே பின்பற்றலாம்.

1. இடத்தைத் தேடுமுன் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"நாகர்கோவிலின் பொதுவெளிகள்" என்பது தலைப்பாக இருக்கலாம், கேள்வியாக இருக்க முடியாது. "பேருந்துக்குக் காத்திருப்பவர் பிற்பகல் மூன்று மணிக்கு எங்கே நிற்கிறார், ஏன் அங்கே நிற்கிறார்?" என்பது கேள்வி. கேள்வி கையில் இருந்தால் இடங்கள் தாமாகவே வந்து சேரும். ஆறு வாரத்துக்கு மூன்று இடங்கள் போதும், நான்காவது இடம் சுமையாகிவிடும்.

மூன்றும் ஒரே வகையாக இருக்க வேண்டாம். நெரிசலான சந்தி ஒன்று, நீரை ஒட்டிய இடம் ஒன்று, நாளின் ஒரு பகுதியில் மட்டும் உயிர்பெறும் இடம் ஒன்று என்று எடுத்தால் ஒப்பிட வசதியாக இருக்கும். மணிமேடைச் சந்தி, சுசீந்திரம் தெப்பக்குளத்தின் கரை, விடியுமுன் தொடங்கிக் காலையிலேயே ஓய்ந்துவிடும் தோவாளைப் பூச்சந்தை ஆகிய மூன்றும் நாகர்கோவிலில் தங்கியிருந்தே போய்வரக்கூடிய தூரத்தில் உள்ளன. கன்னியாகுமரிக் கடற்கரையை எடுக்க எல்லோருக்கும் ஆசை வரும். திருவள்ளுவர் சிலை, விவேகானந்தர் பாறை, 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம் என்று அங்கே பார்ப்பதற்கு நிறைய இருப்பதால், முதல் முறை ஆய்வு செய்பவர் கூட்டத்தின் காலடியைக் கவனிக்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிடுவார் என்பது என் கருத்து. அதற்குமேல் உங்கள் விருப்பம்.

இடம் தேடுவதற்கு உள்ளூர்ப் பெயர்களும் நல்ல துணை. வேப்பமூடு என்பதில் உள்ள "மூடு" குமரித் தமிழில் மரத்தின் அடியைக் குறிக்கும். வெட்டூர்ணிமடம், செட்டிகுளம், திங்கள்சந்தை போன்ற பெயர்களில் மடமும் குளமும் சந்தையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெயரில் இருப்பது தரையிலும் இன்னும் இருக்கிறதா என்று நடந்து பார்ப்பதே ஒரு நாள் முழுவதற்கும் போதுமான வேலையாகும்.

2. கடிதங்களை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்

பொதுத் தெருவில் நடப்பதற்கும் நின்று ஸ்கெட்ச் போடுவதற்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் தரையில் முப்பது மீட்டர் டேப்பை விரித்து, ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரை எண்ணத் தொடங்கினால் யாராவது வந்து கேட்கத்தான் செய்வார்கள். அப்போது காட்டுவதற்குக் கையில் கடிதம் இருக்க வேண்டும்.

கல்லூரியிலிருந்து போனஃபைடு சான்றிதழையும், துறைத் தலைவரின் கையொப்பமும் முத்திரையும் உள்ள வேண்டுகோள் கடிதத்தையும் வாங்குங்கள். அந்தக் கடிதத்தில் ஆய்வு செய்யும் இடம், தொடங்கும் தேதி, முடியும் தேதி, கூட வரும் அனைவரின் பெயர், எவற்றை அளப்பீர்கள், எடுக்கும் படங்களை எதற்குப் பயன்படுத்துவீர்கள் ஆகிய ஆறு விவரங்களும் இருக்க வேண்டும். என் முதல் கடிதத்தில் தேதியும் இல்லை, தோழியின் பெயரும் இல்லை. அதைத் திருத்தி மறுபடி கையொப்பம் வாங்கியதில் ஒன்பது நாள் போயிற்று. தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிக் கடிதம் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் எடுத்து, கொடுக்கும் இடத்திலெல்லாம் உங்கள் நகலில் "பெறப்பட்டது" என்ற முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். களத்தில் கேள்வி வரும்போது அந்த முத்திரைக்குத்தான் மதிப்பு.

யாருக்கு எழுதுவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். மாநகராட்சியின் பூங்கா, சந்தை, பேருந்து நிலையம் ஆகியவற்றுக்கு நாகர்கோவில் மாநகராட்சி ஆணையருக்கு எழுத வேண்டும். கோயிலையும் அதன் தெப்பக்குளத்தையும் சார்ந்த இடங்களுக்கு அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில் நிர்வாகத்துக்கும், பாசனக் குளங்களுக்கு நீர்வளத் துறைக்கும் எழுத வேண்டும். தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை இந்த மாவட்டத்துக்குள் இருந்தாலும் கேரள அரசின் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே முற்றங்களை அளக்க விரும்பினால் நாகர்கோவில் அலுவலகங்களில் அலைந்து பயனில்லை. அந்தத் துறைக்குத் திருவனந்தபுரத்துக்கே எழுத வேண்டும். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமையில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடப்பதால், நீங்கள் தேடும் அலுவலர் பெரும்பாலும் இருக்கையில் இருக்க மாட்டார். செவ்வாய் அல்லது புதன்கிழமை காலை பதினொரு மணி நல்ல நேரம்.

3. வரைபடம்: இலவசமாகக் கிடைப்பதை முதலில் எடுங்கள்

தமிழக அரசின் இணையவழி நிலப்பதிவேட்டுச் சேவையில் நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படமும், ஒவ்வொரு சர்வே எண்ணிலும் உள்ள நிலத்தின் விவரங்களைத் தரும் அ-பதிவேடும் கட்டணமின்றிப் பார்க்கக் கிடைக்கின்றன. புலப்படத்தை எல்லோரும் எஃப்.எம்.பி. என்றுதான் சொல்வார்கள். இங்கே வெளியூர்க்காரர் சிக்கும் இடம் ஒன்று உண்டு. வட்டங்களின் பட்டியலில் நாகர்கோவில் என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது, அது அகஸ்தீஸ்வரம் வட்டத்தில் இருக்கிறது. அதேபோலத் தக்கலை கல்குளம் வட்டத்திலும், மார்த்தாண்டம் விளவங்கோடு வட்டத்திலும் அடங்கும். நாம் பேச்சில் சொல்லும் இடப்பெயரும் வருவாய்க் கிராமத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் அவருடைய வரி ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதே குறுக்குவழி. நகர்ப்பகுதி என்றால் வார்டு, பிளாக், நகர சர்வே எண் ஆகிய மூன்றும் தேவைப்படும்.

அ-பதிவேட்டில் நிலத்தின் வகையைப் பாருங்கள். நீங்கள் பூங்காவாக வரைய நினைக்கும் வெற்றிடம் நீர்நிலைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் உங்கள் வடிவமைப்பின் போக்கே மாறிவிடும். கடலோர இடமென்றால் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுப்பு 2022இல் ராம்சர் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது, ஆகவே அதன் கரையில் நடைபாதையும் விளக்கும் போடுமுன் பறவைகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூரியில் இந்தக் கேள்விகள் வந்தே தீரும்.

அலுவலகத்தில் மட்டும் இருக்கும் வரைபடம் தேவையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். மனுவில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்காமல், இன்ன வரைபடத்தின் நகல் வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். பதில் தருவதற்குச் சட்டம் தரும் கெடு 30 நாள். ஆறு வார ஆய்வில் இது ஐந்தாம் வாரத்தில் வந்து சேரும் என்பதால், மனுவை முதல் வாரத்தில் அனுப்பிவிட்டு அதை மறந்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

ட்ரோன் கொண்டுவர வேண்டாம். கடலோரப் பாதுகாப்புக் கெடுபிடி உள்ள மாவட்டம் இது. அதற்கான அனுமதியைத் தேடும் நேரத்தில் நீங்கள் நடந்தே முழு இடத்தையும் அளந்துவிடலாம்.

4. மாதமும் மணியும்: என்னைக் கவிழ்த்த இடம்

நாகர்கோவில் ஏறத்தாழ 8.2 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இதனால் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒருமுறையும், ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் தொடங்கும் நாட்களில் ஒருமுறையும் சூரியன் உச்சிவேளையில் தலைக்கு நேர் மேலே வருகிறது. இடைப்பட்ட நாலரை மாதத்துக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும். பத்து மீட்டர் உயரமுள்ள கம்பத்தின் உச்சிவேளை நிழல் ஜூன் 21இல் தெற்கே 2.7 மீட்டரும், டிசம்பர் 21இல் வடக்கே 6 மீட்டருக்குச் சற்று மேலும் இருக்கும். வடநாட்டையோ வெளிநாட்டையோ மனத்தில் வைத்து எழுதிய பாடநூலிலிருந்து "வடபுறம் நிழல்" என்று எடுத்துக்கொண்டால் என் கதிதான் உங்களுக்கும். வரையும் மென்பொருளில் இடத்தைக் குறிப்பிடாமல் நிழலை இயக்கினால் அது வேறெந்த ஊரின் நிழலையோ போட்டுக் கொடுக்கும், நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

இன்னொன்று: கடிகாரத்தில் 12 மணி ஆகும்போது இங்கே உச்சிவேளை ஆகியிருக்காது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது, நாம் அதற்கு ஐந்து பாகை மேற்கே இருக்கிறோம். ஆண்டுச் சராசரியாக 12.20க்குத்தான் சூரியன் உச்சிக்கு வரும். பிப்ரவரியில் அது 12.34 வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 12.04க்கே வந்துவிடும்.

இவ்வளவு சொன்னாலும், உட்காரும் இடத்தைத் தீர்மானிப்பது உச்சிவேளை அல்ல, பிற்பகல்தான். மூன்று மணிக்கு மேல் சாய்ந்து வரும் மேற்குவெயில் கூரைக்கு அடியில் நுழைந்துவிடும். நிழலை நான்கு வேளை குறித்துக்கொள்ளுங்கள்: காலை ஒன்பது, உச்சிவேளை, மூன்றரை, ஐந்து. சாக்பீஸால் தரையில் நிழலின் விளிம்பைக் கோடிட்டு, பக்கத்தில் மணியை எழுதிப் படமெடுத்தால் போதும்.

நிழலை ஆராய்வதற்கு பிப்ரவரி முதல் மே வரை ஏற்ற காலம். நீரின் போக்கைப் பார்க்க வேண்டுமானால் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூனில் வாருங்கள், அல்லது வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பரில் வாருங்கள்; இரண்டு பருவமழையும் நன்றாகப் பெறும் மாவட்டம் இது. மழை விட்ட அரை மணி நேரத்துக்குள் இறங்கி, எங்கே தேங்குகிறது, மக்கள் எதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். டிசம்பர் 3ஆம் தேதியை ஒட்டிய கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம், மாசியில் மண்டைக்காட்டுக் கொடை ஆகிய நாட்களில் இடத்தின் இயல்பே மாறிவிடும், அலுவலகங்களுக்கும் உள்ளூர் விடுமுறை வரும். கன்னியாகுமரியில் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை ஐயப்ப பக்தர்களின் கூட்டம் இருக்கும். திருவிழாக் கூட்டமே உங்கள் கேள்வி என்றால் ஒழிய, எண்ணிக்கையை இந்த நாட்களில் எடுக்காதீர்கள்.

5. களத்தில்

முப்பது மீட்டர் ஃபைபர் டேப், ஐந்து மீட்டர் இரும்பு டேப், ஏ3 தாள், கிளிப் அட்டை, சாக்பீஸ், குடை, தண்ணீர் ஆகியவை போதும். உங்கள் நடை எத்தனை சென்டிமீட்டர் என்பதை வீட்டு முற்றத்திலேயே இருபது காலடி வைத்து அளந்து தெரிந்துகொண்டால், டேப் விரிக்க முடியாத நெரிசலில் காலடியாலேயே அளக்கலாம். மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் எடுங்கள். மேடை கட்டிய மரமென்றால் மேடையின் உயரத்தையும் விளிம்பின் அகலத்தையும் தனியே குறியுங்கள், ஏனென்றால் மனிதர் உட்காருவது அந்த விளிம்பில்தான். மரத்தின் உள்ளூர்ப் பெயரைக் கேட்டு எழுதுவது நல்லது என்றாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே பெயர் இரண்டு மரங்களுக்கு வழங்கும், ஆகையால் இலை, காய், பட்டை மூன்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு பிறகு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அளப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வடசேரிப் பகுதியில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடையும் இரும்பு இருக்கைகளும் இருந்தன. பிற்பகல் மூன்றரைக்கு அந்த இருக்கைகளில் ஒருவரும் இல்லை, நான்கு மீட்டர் தள்ளி மூடிக்கிடந்த கடையின் படியில் ஆறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஜூரிக்கு நான் எடுத்த படத்தில் இதே காட்சி இருக்கிறது. "உயிர்ப்புள்ள தெரு" என்று அதன் கீழே எழுதிவைத்திருந்தேன். இரண்டாம் முறை அளந்தபோதுதான் விளங்கியது. நிழற்குடை மேற்கு பார்த்தது, ஆகவே அந்த நேரத்தில் வெயில் இருக்கையின் மேல்தான் விழுந்தது. கடைப்படியின் உயரம் 38 சென்டிமீட்டர், ஆழம் 45. முதுகுக்குப் பின்னால் காலையிலிருந்தே நிழலில் இருந்து குளிர்ந்த சுவர் இருந்தது. அதற்கும் மேலாக, படியில் உட்கார்ந்தபடியே திருப்பத்தில் வரும் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க முடிந்தது. இருக்கையில் உட்கார்ந்தவரோ அதற்காக ஒவ்வொரு முறையும் எழுந்து சாலைக்கு வர வேண்டியிருந்தது. இந்த நான்கு காரணங்களும் எந்தப் புகைப்படத்திலும் தெரியாது.

ஒவ்வோர் இடத்துக்கும் குறைந்தது மூன்று முறை போக வேண்டும்: வேலை நாளில் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை, விடியலில் ஒருமுறை. விடியல் சந்தைக்கு மாணவியர் இருவராகப் போவதே நல்லது. அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, எனவே நேரம் கூடினாலும் செலவு கூடாது. சுசீந்திரம் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், கேமராவுக்கும் இடமில்லை. கருவிகளைத் தோழர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போங்கள்.

6. அளக்கிறவரைக் கண்டால் மக்கள் பயப்படுகிறார்கள்

டேப்பை விரித்ததும், சாலையை அகலப்படுத்த வந்த ஆட்கள் என்றுதான் நம்மை நினைக்கிறார்கள். ஒரு புளியமரத்தின் சுற்றளவை எடுத்துக்கொண்டிருந்தபோது, அதன் அடியில் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா சருவத்தை (அகன்ற மீன் பாத்திரத்தை) நகர்த்தி வைத்துவிட்டு, "எதுக்கு மக்களே அளக்குதிய, மரத்த முறிக்கப் போறியளா?" என்று கேட்டார். கல்லூரிப் பாடம் என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. வரைந்த தாளைத் திருப்பிக் காட்டி, அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தை அதில் தொட்டுக் காட்டிய பிறகுதான் பேச்சு இலகுவாயிற்று. பிறகு அவரே, எந்த மாதத்தில் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் மாறி உட்காருவார் என்று சொல்லத் தொடங்கினார். நான் இரண்டு வாரமாகச் சாக்பீஸால் கோடிட்டுக் கண்டுபிடித்ததில் பாதி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

எனவே டேப்பை எடுக்குமுன் பேசுங்கள். வயதில் மூத்தவரைப் பாட்டா என்றோ அண்ணாச்சி என்றோ அக்கா என்றோ கூப்பிட்டு, இன்ன கல்லூரி, பாடத்துக்காக வரைகிறோம், எதையும் இடிக்கப்போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முகம் தெரியும்படி படமெடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். வியாபாரம் மும்முரமாக இருக்கும் நேரத்தில் கேள்வியோடு போகக் கூடாது.

7. குறிப்பிலிருந்து கருவுக்கு

இங்கேதான் பலர் உருவத்தை நகலெடுக்கிறார்கள். சுமைதாங்கிக் கல்லைப் பார்த்துவிட்டு வந்து, அதே வடிவில் பூங்கா வாசலில் ஒரு தோரணம் வரைந்தவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருவர். உருவத்தை விட்டுவிட்டு அது செய்யும் வேலையைப் பாருங்கள். இரண்டு கற்களை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியது சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருபவர் யாருடைய கையையும் எதிர்பாராமல் சுமையை இறக்கிவைக்கவும், பிறகு தாமே ஏற்றிக்கொள்ளவும் அது உதவுகிறது. அந்த வேலையைச் செய்வது அதன் உயரம். நான் அளந்த ஒன்றில் மேற்கல் தரையிலிருந்து 1.45 மீட்டர் உயரத்தில் இருந்தது. முழங்காலைச் சற்று மடக்கினால் சுமை கல்லின் மேல் வழுக்கிப் போய்விடும்.

இன்றைக்கும் மீன் சருவத்தோடு பேருந்திலிருந்து இறங்கும் பெண்கள் பக்கத்தில் நிற்பவரிடம் "ஒரு கை பிடிங்க" என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே என் வடிவமைப்பில் நிறுத்தத்தின் ஓரத்தில், இருக்கையின் கிழக்கே, 1.4 மீட்டர் உயரத்தில் ஒரு குறுஞ்சுவரும், அதையொட்டி 40 சென்டிமீட்டர் உயரப் படியும் வந்தன. சுவர் சுமைக்கு, படி ஆளுக்கு. பேருந்து வரும் திசையை மறைக்காதபடி மரத்தை மேற்கே தள்ளி வைத்தேன். இரண்டாவது ஜூரியில் இதைப் பற்றி மட்டும் இருபது நிமிடம் பேசினார்கள்.

ஒவ்வோர் இடத்திலிருந்தும் இப்படி ஒரே ஒரு தொடர்பை எடுத்து, இன்னது இருப்பதால் இன்னார் இந்த நேரத்தில் இதைச் செய்கிறார் என்று ஒரு வாக்கியமாக எழுதி, அதன் கீழே அளவுகளோடு செக்ஷன், அதாவது இடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தது போன்ற படம், வரையுங்கள். தரைப்படத்தைவிடச் செக்ஷன்தான் இந்த ஆய்வுக்கு உதவும், ஏனென்றால் உட்காருதல், சாய்தல், எட்டிப்பார்த்தல், சுமை இறக்குதல் எல்லாம் உயரத்தோடு தொடர்புடையவை.

8. செலவும் நாட்கணக்கும்

முதல் வாரம் கடிதங்களுக்கும் தகவல் உரிமை மனுவுக்கும், இரண்டாம் வாரம் வரைபடங்களுக்கும் முதல் நடைக்கும், மூன்றும் நான்கும் களத்துக்கும், ஐந்தாவது செக்ஷன்களுக்கும், ஆறாவது இறுதித் தாள்களுக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆன செலவு இது: டேப் இரண்டும் 600 ரூபாய், தாளும் எழுதுபொருளும் 320, ஆவண நகலும் தபாலும் 250, பேருந்தும் ஆட்டோவுமாகப் பயணம் 1,100, ஏ1 வண்ண அச்சு பன்னிரண்டு தாளுக்கு 1,800. ஆகமொத்தம் 4,070. இதில் முதல் ஜூரியின் நான்கு தாள்களுக்குக் கொடுத்த 600 ரூபாய் முழுவதும் வீண்.

அச்சுக்கு ஜூரிக்கு இரண்டு நாள் முன்பே போய்விடுங்கள். கோப்பை பி.டி.எஃப். ஆக்கும்போது எழுத்துருவையும் உள்ளே பதித்துச் சேமிக்க வேண்டும். நான் அதைச் செய்யாததால், கடைக்காரரின் கணினியில் இடப்பெயர்கள் எல்லாம் வெறும் கட்டங்களாக வந்துவிட்டன; வேப்பமூடு, வடசேரி என்று பன்னிரண்டு பெயர்களை அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்து பேனாவால் எழுதி நிரப்பினேன்.